சுடலை காத்த அரசனும் சுடலைக்குப் பிறந்தவனும்

சென்ற திங்கள் ஒரு முன்னிரவில், கிருலப்பனையில் நண்பர் ஒருவரது இல்லத்தில் நாம் அறுவர் கூடியிருந்து, நடிகமணி வி. வி. வைரமுத்து அவர்களின் மயான காண்டத்தைப் பழைய ஒலிப்பதிவொன்றிற் கேட்டோம். காங்கேசன்துறை வசந்த கான சபாவினர் ஈழத்தின் ஊர்தோறும் ஆயிரத்துக்கு மேற்பட்ட தடவைகள் மேடையேற்றிய நாடகம் அது. வைரமுத்து அவர்கள் 1989இல் மறைந்தார். குரல் மட்டும் எஞ்சியிருக்கிறது. ஒலிப்பதிவில் இடையிடையே இரைச்சல். ஆர்மோனியத்தின் ஒலி சில இடங்களில் நடிகரின் குரலையே விழுங்கிவிடுகிறது. ஆயினும் சந்திரமதி இறந்த மகனைச் சுமந்து சுடலைக்கு வரும் கட்டத்தில் அறையிலிருந்த எவரும் பேசவில்லை.

நாடகம் முடிந்தபின் எம்மிடையே இருந்த இளைஞர் ஒருவர் ஒரு கேள்வி கேட்டார். அவரது பாட்டனார் வெள்ளவத்தை நெசவாலையில் வேலை செய்தவர். “ஐயா, பொழுது விடிந்ததும் அரிச்சந்திரன் அயோத்திக்குப் போய்விட்டான். வீரபாகுவின் சுடலையை மறுநாள் காத்தது யார்?”

அன்று நாம் விடை கூறவில்லை. இக்கட்டுரை அக்கேள்வியிலிருந்து எழுந்தது.

நாடகத்தில் மனிதனின் வீழ்ச்சிக்குக் காரணம் அவனது குணமா, விதியா, அன்றி இரண்டு நியாயங்களின் மோதலா என்பது மிகப் பழைய விசாரணை. அரிஸ்டோட்டில் தமது கவிதையியலில் இதற்கு வரையறை வகுத்தார். அவலச் சுவைக்கு உரியவன் முழுமையான நல்லவனுமல்லன், கொடியவனுமல்லன்; ஏதோ ஒரு தவறினால் வீழ்பவன். குற்றமே இல்லாத நல்லவன் இன்பத்திலிருந்து துன்பத்துக்கு வீழ்வது அச்சத்தையோ இரக்கத்தையோ எழுப்பாது, அருவருப்பையே எழுப்பும் என்பது அவர் துணிபு. இவ்விதியை மயான காண்டத்துக்குப் பிரயோகித்தால் எமது மக்கள் அழுததற்கு நியாயமே இல்லை என்றாகிவிடும். அரிச்சந்திரனிடம் தவறு எதுவும் இல்லை. வசிட்டரும் விசுவாமித்திரரும் தேவசபையிற் செய்த வாதத்துக்கு அவன் பணயப் பொருள் ஆனான்; அவ்வளவே. எனினும் கோவில் வீதிகளில் விடியவிடிய மணலில் அமர்ந்திருந்தோர் அழுதனர். கிரேக்க அறிஞருக்குத் தெரியாத ஏதோ ஒன்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. குற்றம் செய்யாமலே தண்டனை பெறுவது அவர்களுக்குப் புராணக் கதையன்று, நாளாந்த வாழ்க்கை.

காந்தியடிகளும் சிறுவயதில் அரிச்சந்திர நாடகத்தைப் பார்த்து அழுதவரே. அதனைத் தமக்குள் எண்ணற்ற முறை நடித்துப் பார்த்ததாகத் தமது சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அந்தச் சிறுவனே வளர்ந்து 1930இல் உப்புச் சட்டத்தை மீறினான். இவ்விரண்டு செய்திகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பது நன்று. ஏனெனில் மேடையில் நாம் காணும் அரிச்சந்திரன் எந்தச் சட்டத்தையும் மீறுபவன் அல்லன்.

சுடலையில் அவன் நடந்துகொள்ளும் முறையைக் கவனிப்போம். பிணம் ஒன்றுக்குக் கால் பணம், முழத் துண்டு, வாய்க்கரிசி என மூன்று கட்டணங்கள் உள. வாய்க்கரிசி காவலனுக்குரியது, ஏனைய இரண்டும் எசமானுக்கு. ஏழைப் பெண்ணொருத்தி பாம்பு தீண்டி இறந்த பாலகனோடு வந்து நிற்கிறாள். தன் பங்கான வாய்க்கரிசியை விட்டுக்கொடுக்க அரிச்சந்திரன் ஆயத்தமாக இருக்கிறான். எசமானின் பங்கை விட்டுக்கொடுக்கத் தனக்கு உரிமையில்லை என்கிறான். பணம் இல்லையேல் தாலியை விற்றேனும் கொண்டுவா என்கிறான். கணவன் கண்ணுக்கு மட்டுமே புலப்படுவது அத்தாலி. ஆகவே அவள் யாரென்பது வெளியாகிறது. தன் மகனே பிணமாகக் கிடக்கிறான் என்று அறிந்தபின்னும் கட்டணம் கட்டணமே.

எமது நாடகங்களில் இதைவிடக் கூர்மையான கட்டம் பிறிதொன்று உண்டா என்பது ஐயமே. தனக்குரியதைத் துறக்கலாம், பிறருக்குரியதைத் துறக்க இயலாது என்ற நேர்மை சாமானியமானதன்று. பொதுப் பணத்தைத் தன் வீட்டுப் பணமாக வாரி வழங்கும் அதிகாரிகளைக் கண்ட நாம் இதனை எள்ளி நகையாடக் கூடாது. ஆயினும் எசமானின் உரிமையை இத்துணைக் கருத்தோடு காக்கும் இம்மனிதன், மனைவியின் உரிமையை எவ்வாறு காத்தான்? விசுவாமித்திரருக்கு வாக்குக் கொடுத்தவன் அவன், விற்கப்பட்டவளோ அவள். காலகண்ட ஐயர் வீட்டில் மாவிடித்தவளும், மகனைத் தருப்பை கொய்ய அனுப்பிப் பறிகொடுத்தவளும் அவளே. அவள் எவருக்கும் எந்த வாக்கும் கொடுத்ததில்லை. கணவனின் சத்தியத்துக்கு விலை செலுத்தியவள் மனைவி. நாடகத்துக்குப் பெயரோ அரிச்சந்திரன்.

நிற்க. சந்திரமதியின் துன்பம் இத்தோடு முடியவில்லை. கட்டணப் பணத்துக்காக எசமானின் வீட்டுக்குத் திரும்பும் வழியில், திருடரால் கொல்லப்பட்ட காசி அரசனின் குழந்தையைக் கண்டு, தன் மகனோ என்று எடுத்தணைத்து, கொலைப் பழிக்கு ஆளாகிறாள். சிரச்சேதம் என்று தீர்ப்பாகிறது. வெட்டும் தொழில் சுடலைக் காவலனுடையது. அவளோடு வாழ்ந்தவன், அவள் கொலை செய்யக் கூடியவளல்லள் என்று அறிந்தவன், வாளை ஓங்குகிறான். வாள் மாலையாகிறது, தேவர்கள் தோன்றுகின்றனர், மகன் உயிர் பெறுகிறான்.

வாள் மாலையாகியிராவிட்டால்?

இங்கேதான் நாம் விதி என்ற சொல்லை விட்டு ஆணை என்ற சொல்லுக்கு வரவேண்டியிருக்கிறது. அரிச்சந்திரனைச் சுடலைக்குக் கொண்டுவந்தது விதியாக இருக்கலாம். வாளை ஓங்கச் செய்தது விதியன்று, கட்டளை. கட்டளைக்குப் பணிவதும் சத்தியத்தைக் காப்பதும் ஒன்றே என்று அவன் கொண்டான். குற்றமற்றவளைக் கொல்வது பொய்யான தீர்ப்பை மெய்யாக்குவது. சத்தியத்துக்காக நாட்டையும் மனைவியையும் மகனையும் இழந்தவன், இறுதிக் கணத்தில் ஒரு பொய்யின் கருவியாக நிற்கிறான். நாடகம் இம்முரண்பாட்டின் வாசல்வரை எம்மை அழைத்துச் சென்று, உள்ளே நுழையவிடாமல் தேவர்களைக் கொண்டு கதவைச் சாத்திவிடுகிறது.

கிரேக்கர் அக்கதவைத் திறந்தே வைத்தனர். சோபக்கிளிசின் அன்ரிகனியும் பிணத்தைப் பற்றிய நாடகமே. நாட்டுக்கு எதிராகப் போரிட்டு மாண்டவனைப் புதைக்கலாகாது என்று கிரியோன் மன்னன் ஆணையிடுகிறான். இறந்தவனின் சகோதரி மண்ணள்ளித் தூவுகிறாள். அதற்காக உயிர் துறக்கிறாள். அங்கே வாள் மாலையாவதில்லை. குடும்பத்தின் அறமும் அரசின் அறமும் மோதுகின்றன, இரண்டும் நியாயமே, இரண்டும் ஒருபக்கமானவை என்று ஹேகல் விளக்கினார். இவ்விளக்கத்தில் உண்மை உண்டு. எனினும் ஒரு பக்கத்தில் படையும் சிறையும், மறுபக்கத்தில் ஒரு பிடி மண்ணும் இருக்கும்போது இரண்டையும் சமமாக நிறுப்பது தத்துவ ஆசிரியருக்கு மட்டுமே எளிது. அந்நாடகத்தில் வரும் காவலாளி ஒருவன் எமக்கு முக்கியமானவன். தன் தலை தப்பினால் போதும் என்று எண்ணுபவன்; சீட்டுக் குலுக்கியதில் அகப்பட்டு மன்னனிடம் செய்தி சொல்ல வந்தவன். அன்ரிகனியைப் பிடித்துக் கொடுப்பவன் அவனே. அவன் கொடியவன் அல்லன். ஆணைகள் நிறைவேறுவதற்குக் கொடியவர்கள் வேண்டியதில்லை.

கிருலப்பனைச் சந்தியிலிருந்து பேஸ்லைன் வீதி வழியே வடக்கு நோக்கிச் சென்றால் பொரளைக் கனத்தை மயானத்தை அடையலாம். 2020ஆம் ஆண்டு பெருந்தொற்றில் இறந்தோர் அனைவரது உடல்களையும் தகனம் செய்யவேண்டும் என்று அரசு விதித்தது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் கூறியும், முஸ்லிம் மக்கள் மன்றாடியும் பயனில்லை. அவ்வாண்டு டிசெம்பரில், பிறந்து இருபது நாட்களேயான முஸ்லிம் குழந்தையொன்று பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாக இம்மயானத்தில் எரிக்கப்பட்டது. மயானத்தின் வேலியில் மக்கள் வெள்ளைத் துணித் துண்டுகளைக் கட்டினர். முழத் துண்டு கேட்ட சுடலைக் கதையை அறிந்த எமக்கு, கேளாமலே கட்டப்பட்ட அத்துண்டுகளைக் கண்டபோது நெஞ்சு கனத்தது. 2021 பெப்ரவரியில் அவ்விதி நீக்கப்பட்டு, ஓட்டமாவடியில் அடக்கம் செய்ய இடமளிக்கப்பட்டது. 2024 யூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. எரித்ததை எந்தத் தீர்மானமும் மீளத் தராது.

பத்திரத்தில் ஒப்பமிட்டவர், வண்டியைச் செலுத்தியவர், உலையை மூட்டியவர் ஆகியோருள் எவரும் அக்குழந்தையின்மேற் பகைகொண்டவர் அல்லர். கேட்டிருந்தால் ஒவ்வொருவரும் அரிச்சந்திரன் கூறியதையே கூறியிருப்பர்: என் பங்கை நான் விட்டுக்கொடுப்பேன், எசமானின் பங்கு என் கையில் இல்லை. இங்கே குணத்தையும் விதியையும் வேறுபிரித்துக் காண்பது கடினமாகிவிடுகிறது. ஒருவரது பணிவுக் குணம் மற்றொருவரது தலைவிதியாக மாறுகிறது. மேலிடத்திலிருந்து நோக்குவோருக்கு அது ஒழுங்கு. கீழே கிடப்போருக்கு அது ஊழ்.

வள்ளுவர் ஊழுக்கு ஓர் அதிகாரம் வகுத்து, அதனை விஞ்சிய வலிமை எதுவும் இல்லை என்ற கருத்தை முன்வைத்தார். பின்னர் ஆள்வினையுடைமையில், தளராது முயல்வோர் ஊழையும் புறங்காண்பர் என்ற கருத்தையும் வைத்தார். இதனை முரண் என்று சிலர் கூறுவர். எமக்கு அவ்வாறு தோன்றவில்லை. முன்னது நிலைமையைக் கூறுகிறது, பின்னது கடமையைக் கூறுகிறது. அவ்விளைஞரின் பாட்டனார் வேலை செய்த வெள்ளவத்தை ஆலையில் 1933இல் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களுட் பெரும்பாலோர் கடல்கடந்து பிழைக்க வந்தோர். தலையெழுத்து என்ற சொல்லை அவர்கள் அறியாதவர்களா? அறிந்தே வாயிலில் நின்றனர். (அவ்வாலை நின்ற நிலத்தில் இன்று வானளாவிய மாடிக் குடியிருப்புகள் நிற்கின்றன.)

இனி வீரபாகுவுக்கு வருவோம். மேடையில் அவன் பெரும்பாலும் நகைச்சுவைப் பாத்திரம். கள் மயக்கத்திற் தள்ளாடி வந்து சபையோரைச் சிரிக்க வைப்பவன். சுடலைத் தொழிலாளி எசமானாகவும் அரசன் அடிமையாகவும் நிற்பதே நாடகத்தின் உச்ச அவலமாகக் கருதப்பட்டது. சபையோர் அழுதது ‘அரசனுக்கா இந்தக் கதி’ என்றுதான். அக்கதியிலேயே தலைமுறை தலைமுறையாகப் பிறந்து மடிவோரைப் பற்றி நாடகம் வாய்திறக்கவில்லை. மார்க்கண்டேய புராணத்தில் அச்சண்டாளன் உண்மையில் தருமதேவதையே, மாறுவேடத்தில் வந்தவன். கீழோன் ஒருவன் அரசனை விலைக்கு வாங்கினான் என்பதைக் கதை சொன்னோரால் தாங்க முடியவில்லை போலும், அவனையும் தேவனாக்கிவிட்டனர். ஆகவே இளைஞரின் கேள்விக்குக் கதைக்குள் விடை இல்லை. அரசனுக்குச் சுடலை ஒரு சோதனை. சோதனை ஒரு நாள் முடிந்துவிடும். சுடலைக்குப் பிறந்தவனுக்கு அது சோதனையன்று.

கதைக்கு வெளியே விடை உண்டு. சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957இல் நிறைவேறியது. அதன்பின் பதினோராண்டு கழிந்து, 1968இல், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவில் வாயிலில் ஒடுக்கப்பட்ட மக்கள் உள்ளே செல்லும் உரிமை கேட்டு நின்றனர். அடியும் உதையும் பெற்றனர். காங்கேசன்துறைக்கு மாவிட்டபுரம் வெகு தூரமன்று. மயான காண்டத்தைக் கேட்டு அழுதோரிற் சிலர் அவ்வாயிலை மறித்து நின்றோர் கூட்டத்திலும் இருந்திருக்கக் கூடும் என்று எண்ணும்போது, நாடகத்தால் மனிதர் திருந்துவர் என்ற எமது நம்பிக்கை சற்றே ஆட்டம் காண்கிறது. முற்றாகச் சாயவில்லை, ஏனெனில் அப்போராட்டத்தையே பொருளாகக் கொண்டு, என். கே. ரகுநாதனின் ‘கந்தன் கருணை’ பின்னர் கூத்து வடிவில் மேடையேறியது. அங்கே கோவில் வாயிலில் நிற்போர் மாறுவேடத் தேவர்கள் அல்லர்.

இவற்றையெல்லாம் எழுதி முடித்துக் கிருலப்பனை நண்பருக்கு வாசித்துக் காட்டினோம். அவர் சிறிது நேரம் மௌனமாக இருந்தார். பின்னர், அரிச்சந்திரனை இவ்வளவு கடிந்து பேசலாமா, அவனைக் கேட்டுத்தானே நாமெல்லாம் வளர்ந்தோம் என்றார். அதுவும் உண்மையே. அன்றிரவு மீண்டும் அந்த ஒலிப்பதிவைப் போட்டோம். வைரமுத்து அவர்களின் குரல் உச்சத்துக்கு ஏறுகிற இடத்தில், இவ்வளவும் எழுதிய நாமே மறுபடியும் கண்ணைத் துடைத்துக்கொண்டோம். இளைஞர் அன்று வரவில்லை. அவருக்கு இரவு வேலை.