வாசலில் கட்டிய கூடு

சென்ற ஆண்டு புரட்டாசி மாதத்தில், டேராடூனில் வசிக்கும் நண்பர் ஒருவரின் இல்லத்தில் சில நாட்கள் தங்கும் வாய்ப்புக் கிடைத்தது. அவரது தோட்டத்து லிச்சி மரத்தின் உச்சியில் பெரியதொரு கதண்டுக் கூடு தொங்கியது. மாடிப்படிக்கு மேலிருந்த சன்ஷேடின் அடியில் மற்றொரு கூடு. அந்தப் படி வழியாகத்தான் மாடியில் குடியிருப்போரின் இரு சிறு குழந்தைகள் பள்ளிக்குச் சென்று வந்தனர்.

எவ்வுயிருக்கும் தீங்கு செய்வதில்லை என்ற விரதத்தை நண்பர் பல்லாண்டுகளாகக் கடைப்பிடித்து வருபவர். "இவற்றை அழித்தால் என் விரதம் என்னாவது? விட்டுவைத்து, நாளை அக்குழந்தைகளைக் கொட்டிவிட்டால் அந்தப் பாவம் யாரைச் சேரும்?" என்று வருத்தத்துடன் கேட்டார்.

இல்லறத்தில் இருப்போர் அனைவருக்கும் ஏதேனும் ஒரு வடிவில் எழும் கேள்விதான் இது. இதற்கு விடை காணுமுன், நாம் அஞ்சுகின்ற அந்த உயிரைச் சற்று அறிந்துகொள்வது நல்லது. அறியாமையில் பிறக்கும் அச்சமே பெரும்பாலான ஹிம்சைக்கு வித்து.

குளவி இனத்தில் பெரியவை கதண்டுகள். மரநாரைச் சுரண்டி, உமிழ்நீருடன் மென்று, காகிதம் போன்ற தாளாக்கி, அதில் அறுகோண அறைகள் அமைத்துக் கூடு கட்டுகின்றன. புழுக்களுக்கு ஊட்டுவதற்காகக் கம்பளிப்பூச்சி, ஈ முதலிய பூச்சிகளை வேட்டையாடுகின்றன. தேனீக்களுக்கு அவை பகையாயினும், பயிரைத் தின்னும் பூச்சிகளைக் கட்டுப்படுத்துவதில் அவற்றுக்கும் பங்குண்டு. கொட்டுபவை பெண் கதண்டுகள் மட்டுமே. தேனீயைப்போல் கொடுக்கை இழந்து மடியாமல், ஒரே கதண்டு பலமுறை கொட்ட வல்லது. கூட்டருகே ஒன்றை அடித்தால், அதனின்று எழும் ஒருவித வாசனை மற்றவற்றைப் போருக்கு அழைக்கும். எனினும், கூட்டிலிருந்து விலகி இரை தேடும் கதண்டு தானாக வந்து எவரையும் தாக்குவது அரிது. அதன் சினமெல்லாம் தன் குஞ்சுகளைக் காப்பதற்கே. அந்த அளவில் அதற்கும் நமக்கும் வேறுபாடு இல்லை.

இனி தர்மத்தை நோக்குவோம். இல்லறத்தானின் வீட்டில் உயிர்கள் மடியும் ஐந்து இடங்களை மனுஸ்மிருதி கூறுகிறது: அடுப்பு, அம்மி, துடைப்பம், உரல், நீர்க்குடம். இவற்றை விலக்கி எவரும் வாழ இயலாது என்பதால், அதற்குப் பிராயச்சித்தமாக ஐந்து மஹாயக்ஞங்கள் விதிக்கப்பட்டன. மஹாபாரதத்தின் வன பர்வத்தில் தர்மவியாதர், கௌசிக பிராமணருக்கு இதையே உபதேசிக்கிறார். ஏர் உழுகையிலும் உயிர்கள் மடிகின்றன, நடக்கையிலும் மடிகின்றன; அஹிம்சையில் நிலைத்த துறவியரும் ஹிம்சையை முற்றிலும் தவிர்க்க இயலாது, முயற்சியால் அதைக் குறைக்கவே இயலும் என்கிறார். அந்த முயற்சியைத்தான் தர்மம் நம்மிடம் எதிர்பார்க்கிறது.

இதற்கிடையே அண்டை வீட்டார் ஒரு யோசனை கூறினார்: "சிறிது பணம் கொடுத்தால் ஒரு கூலியாள் ஏறிக் கொளுத்திவிடுவான். நீங்கள் பார்க்கக்கூட வேண்டாம்." நண்பரின் மனம் ஒரு கணம் அதற்கு இசைந்தது. பிறகு அவரே தலையசைத்து மறுத்தார்.

அவர் மறுத்தது சரியே. தானே செய்தது, பிறரைக் கொண்டு செய்வித்தது, செய்ய ஒப்புக்கொடுத்தது என ஹிம்சை மூவகைப்படும் என்று பதஞ்சலி மஹரிஷி யோக சூத்திரத்தில் கூறுகிறார். நம் கை கறைபடாமலிருக்கப் பிறர் கையை விலைக்கு வாங்குவது விரதமாகாது. தக்க கவசமின்றி ஏறும் அந்த ஏழை பல கொட்டுகள் பட்டால் உயிரே போகக்கூடும். பூச்சிக்கு இரங்கிய நெஞ்சம் மனிதனை மறந்துவிடுமானால், அதைக் கருணை என்று எப்படி அழைப்பது?

இறுதியில் நண்பர் இரு கூடுகளுக்கும் இருவேறு முடிவெடுத்தார். மரத்துக் கூட்டை விட்டுவிட்டார். அதனருகே எவரும் செல்லாதபடி கயிறு கட்டி, கல்லெறியக் கூடாது என்று குழந்தைகளுக்கு எடுத்துரைத்தார். குளிர் மிகுந்த பகுதிகளில் அக்கூட்டம் குளிர்காலத்தில் தானே அழிந்துவிடும். கருவுற்ற இராணிகள் மட்டும் எங்கேனும் ஒளிந்து பிழைத்து, வசந்தத்தில் புதுக்கூடு கட்டும். எனவே அங்கே தேவைப்பட்டது பொறுமை ஒன்றே.

படிக்கட்டுக் கூடு அவ்வாறு பொறுத்திருக்க இடம் தரவில்லை. குழந்தைகளைத் தற்காலிகமாக வேறு வழியில் அனுப்பிவிட்டுத் தீயணைப்பு நிலையத்துக்குத் தெரிவித்தார். கதண்டுகள் அடங்கும் இரவு வேளையில், தக்க உடையணிந்தோர் வந்து அதை அகற்றினர். நண்பர் உள்ளே சென்று ஒளியாமல், விலகி நின்று முழுவதையும் பார்த்தார். விடியலில், சிதைந்த அறைகளுள் கிடந்த வெண்புழுக்களைக் கண்டு, "இதைப் புண்ணியம் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். செய்ய வேண்டியிருந்தது, செய்தேன்" என்றார். அன்று முதல் தோட்டத்தில் பறவைகளுக்குத் தானியமும் நீரும் வைத்து வருகிறார். பூதயக்ஞத்தின் பொருள் அன்றுதான் தமக்கு விளங்கியதாகக் கூறினார்.

அவர் கற்றுக்கொண்ட மற்றொன்றும் நமக்குப் பயன்படும். வசந்தத்தில் இராணி தனித்துக் கட்டும் கூடு எலுமிச்சம்பழ அளவே இருக்கும். வீட்டின் இடுக்குகளை முன்கூட்டியே அடைத்து, அக்காலத்தில் சுற்றிலும் கவனித்து வந்தால், பின்னர் நூற்றுக்கணக்கான உயிர்களைக் கொல்லும் நிலை வராது. கதண்டு கொட்டினால் அவ்விடத்தை விட்டு உடனே விலகி, கொட்டிய இடத்தைக் கழுவிக் குளிர்ந்த ஒத்தடம் கொடுக்க வேண்டும். மூச்சுத் திணறல், முகவீக்கம், மயக்கம் தோன்றினாலும், பல கொட்டுகள் பட்டாலும் சிறிதும் தாமதியாமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

ஆகவே, சினத்தாலோ அச்சத்தாலோ கை ஓங்காதிருப்போம். விலகிச் செல்ல வழியிருந்தால் விலகுவோம். காக்க வேண்டியவரைக் காக்கும் கடமை வந்தால், அதைப் பிறர் தலையில் சுமத்தாமல், மனம் மரத்துப்போகாமல் செய்வோம். அன்றாடம் விழிப்புடன் இருந்து, நம்மால் விளையும் துன்பத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்து வருவதே இல்லறத்தானின் அஹிம்சை.