நாவுரிமையும் நாட்டோர் சினமும்

பேச்சுரிமை வேண்டும் என்று முழங்குபவர்கள் நாம். மேடைக்குப் பூட்டுப் போடாதே, ஏட்டுக்கு விலங்கு மாட்டாதே என்று ஆள்வோரை நோக்கி அறைகூவல் விடுப்பவர்கள் நாம். அத்தகைய நம்மை நோக்கி ஒரு கேள்வி வருகிறது: "வானொலியிலே ஒருவர் இழிமொழி பேசுகிறார். கேட்ட மக்கள் கொதித்தெழுந்து, அவரை வெளியேற்று என்கிறார்கள். நீங்கள் யார் பக்கம்? பேசியவர் பக்கமா, கொதித்தவர் பக்கமா?"

பேசியவர் பக்கம் என்றால் இழிவுக்குத் துணைபோனோம் என்ற பழி வரும். கொதித்தவர் பக்கம் என்றால் உரிமைக்குக் குழி பறித்தோம் என்ற பழி வரும். பழிக்கு அஞ்சி வாய்மூடி இருப்பது பகுத்தறிவாளனுக்கு அழகன்று. ஆகவே, நடந்தவற்றை எடுத்து வைத்து ஆராய்வோம்.

அமெரிக்க நாட்டிலே டான் ஐமஸ் என்றொரு வானொலிப் பேச்சாளர் இருந்தார். அவருடைய காலை நிகழ்ச்சியில் அரசியல் தலைவர்களும் பத்திரிகையாளர்களும் வந்து அமர்ந்து அளவளாவினர். வானொலியில் ஒலித்த அதே நிகழ்ச்சி தொலைக்காட்சியிலும் காட்டப்பட்டது. 2007ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள், ரட்கர்ஸ் பல்கலைக்கழகப் பெண்கள் கூடைப்பந்து அணி, நாடளாவிய கல்லூரிப் போட்டியின் இறுதி ஆட்டத்திலே டென்னசி அணியிடம் தோற்றது. பத்து மங்கையர், அவருள் எண்மர் கறுப்பினத்தவர். மறுநாள் காலை, அந்த மங்கையரின் தலைமயிரைப் பழித்தும், ஒழுக்கத்தை இழித்தும் ஒரு சொல்லை உதிர்த்தார் ஐமஸ்; உடனிருந்தோர் சிரித்தனர்.

அந்தப் பெண்கள் செய்த குற்றம் என்ன? அவரோடு வழக்காடினரா? அவரைத் தாக்கி எழுதினரா? இல்லை. விளையாடினர், தோற்றனர், கறுப்பராகவும் பெண்களாகவும் பிறந்திருந்தனர். அவ்வளவே!

நாடு கொதித்தது. முதலில் நிறுவனங்கள் இரண்டு வார இடைநீக்கம் என்று அறிவித்தன. சினம் அடங்கவில்லை. விளம்பரம் கொடுத்த பெரும் நிறுவனங்கள் ஒவ்வொன்றாக விலகின. ஏப்ரல் 11ஆம் நாள் எம்.எஸ்.என்.பி.சி. தொலைக்காட்சி அவர் நிகழ்ச்சியைக் கைவிட்டது. மறுநாள் சி.பி.எஸ். வானொலி நிறுவனம் அவரை வேலையிலிருந்து நீக்கியது.

"பேச்சுரிமை செத்தது!" என்று சிலர் ஒப்பாரி வைத்தனர். நாம் கேட்கிறோம்: எந்தச் சட்டம் அவரைத் தண்டித்தது? எந்தக் காவலர் கைது செய்தார்? எந்தச் சிறை அவருக்காகத் திறந்தது? எதுவும் இல்லை. அரசு ஒரு டாலர் அபராதமும் விதிக்கவில்லை. அதே ஆண்டு டிசம்பரிலேயே நியூயார்க்கின் வேறொரு வானொலி நிலையத்தில் மீண்டும் பேசத் தொடங்கிவிட்டார் அவர். பேசும் உரிமை என்பது ஒன்று. இலட்சக்கணக்கான வீடுகளுக்குள் குரலை அனுப்பும் ஒலிபெருக்கியை, பிறர் பணத்திலே, என்றென்றும் வைத்திருக்கும் உரிமை என்பது வேறொன்று. முன்னது மனிதனுக்குப் பிறப்புரிமை. பின்னது வேலை ஒப்பந்தம். ஒப்பந்தம் முறிந்ததை உரிமை மடிந்ததாகக் காட்டுவது ஏமாற்று.

மேலும், கொதித்தெழுந்த மக்கள் செய்தது என்ன? பேசினர், எழுதினர், கண்டித்தனர். அதுவும் பேச்சன்றோ? ஒலிவாங்கிக்கு முன் அமர்ந்தவருக்கு நாவுரிமை உண்டு, அதைக் கேட்டுப் புண்பட்டவருக்குக் கிடையாது என்றால், அதற்குப் பெயர் உரிமை அல்ல, தனிச்சலுகை.

"அப்படியானால் சட்டம் போட்டே இத்தகையோரை அடக்கிவிடலாமே?" என்று துடிக்கும் இளைஞர் உண்டு. அவர்களுக்கு இன்னொரு நிகழ்ச்சியை நினைவூட்டுவோம். 1973ஆம் ஆண்டு அக்டோபரில், நியூயார்க் வானொலி நிலையம் ஒன்று ஜார்ஜ் கார்லின் என்ற நகைச்சுவையாளரின் பேச்சை ஒலிபரப்பியது. ஒலிபரப்பில் சொல்லக்கூடாத சொற்கள் எவை, ஏன் கூடாது என்று அவற்றையே சொல்லிச் சொல்லி எள்ளி நகையாடிய பேச்சு அது. தன் சிறு மகனோடு கேட்க நேர்ந்ததாக ஒருவர் முறையிட்டார். அரசின் ஒலிபரப்பு ஆணையம் நிலையத்தைக் கண்டித்தது. 1978ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம், ஐவர் ஒருபுறமும் நால்வர் மறுபுறமுமாகப் பிரிந்து, ஆணையத்தின் செயல் செல்லும் என்றது.

இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். கார்லின் எந்த இனத்தையும் இழிவுபடுத்தவில்லை. ஆயினும் சட்டத்தின் கை நீண்டது. ஐமஸ் பத்துப் பெண்களின் தன்மானத்தைச் சூறையாடினார். சட்டத்தின் கை அசையவில்லை. ஏன்? சட்டத்திற்குக் கெட்ட வார்த்தை தெரியும். கெட்ட கருத்துத் தெரியாது. சொல்லை எண்ணும், சொல் யார்மீது விழுந்தது என்று பார்க்காது. அந்தக் குருட்டுக் கையிலே கத்தரிக்கோலைக் கொடுத்தால் முதலில் அறுபடுவது இழிமொழியாளன் நாக்காக இராது. கேள்வி கேட்பவன் நாக்காகவே இருக்கும்.

சட்டம் தலையிடவே கூடாதா? கூடும், ஓர் எல்லையிலே. அந்த எல்லையை ஜான் ஸ்டூவர்ட் மில் என்ற அறிஞர் 1859ஆம் ஆண்டிலேயே ஓர் எடுத்துக்காட்டால் விளக்கினார். தானிய வணிகர்கள் ஏழைகளைப் பட்டினி போடுகிறார்கள் என்று ஏட்டிலே எழுதலாம். அதையே, ஒரு வணிகரின் வீட்டு வாசலில் வெறிகொண்டு திரண்ட கூட்டத்திடம் முழங்கினால் தண்டிக்கலாம் என்றார். 1994ஆம் ஆண்டு ருவாண்டா நாட்டிலே, மில் கொலீன் வானொலி டுட்சி இன மக்களைக் கரப்பான்பூச்சிகள் என்றழைத்தது. கொலைவெறிக் கூட்டங்கள் வீதியில் அலைந்தபோதே வேட்டையாடப்பட வேண்டியவர்களின் பெயர்களையும் சொன்னது. இலட்சக்கணக்கானோர் மாண்டனர். அந்த வானொலியை நிறுவியவருள் ஒருவரை 2003ஆம் ஆண்டு பன்னாட்டுத் தீர்ப்பாயம் தண்டித்தது. அங்கே பேச்சு பேச்சாக இல்லை, அரிவாளாக இருந்தது. அரிவாளுக்கு நாவுரிமை கிடையாது.

இனி, நம் நெஞ்சிலே தைக்க வேண்டிய செய்திக்கு வருவோம். 1955ஆம் ஆண்டு சனவரியில், மார்கரெட் நைட் என்ற உளவியல் விரிவுரையாளர் பி.பி.சி. வானொலியில் இரு சொற்பொழிவுகள் ஆற்றினார். மதம் இல்லாமலே குழந்தைகளுக்கு ஒழுக்கம் கற்பிக்கலாம் என்பதுதான் அவர் சொன்னது. இங்கிலாந்து கொந்தளித்தது! ஏடுகள் சீறின. கடிதங்கள் குவிந்தன. மனம் புண்பட்டது என்றனர்.

ரட்கர்ஸ் பெண்களுக்காக எழுந்ததும் சினம். மார்கரெட் நைட்டுக்கு எதிராக எழுந்ததும் சினம். இரண்டிலும் உண்மையான மனப்புண் இருந்தது. எண்ணிக்கையை வைத்து நீதி காண முடியுமா? கூச்சலின் உயரத்தை அளந்து அறம் காண முடியுமா? முடியாது. அளவுகோல் வேறு. ஐமஸ் தாக்கியது ஆட்களை. அவர்களால் மாற்றிக்கொள்ள முடியாத பிறப்பை, நிறத்தை. நைட் அம்மையார் தாக்கியது ஒரு கொள்கையை. கொள்கைக்கு வாதம் உண்டு, மறுப்பு உண்டு, மறுப்புக்கு மறுப்பும் உண்டு. பிறப்புக்கு என்ன வாதம் செய்வது? நிறத்திற்கு என்ன மறுப்பு எழுதுவது? கருத்தின்மீது விழும் அடி சிந்தனையைத் தூண்டும்; பிறப்பின்மீது விழும் அடி மனிதனை மிதிக்கும்.

பி.பி.சி. என்ன செய்தது? கொந்தளிப்புக்கிடையே இரண்டாம் சொற்பொழிவையும் ஒலிபரப்பியது. அதன்பின் கிறித்தவ அம்மையார் ஒருவரை அழைத்து, நைட் அம்மையாரோடு வாதிட வைத்தது. சினத்துக்கு வாய்ப்பூட்டைத் தரவில்லை, ஒலிவாங்கியைத் தந்தது.

ஐமஸ் விவகாரத்திலும் நம் உள்ளம் கவர்ந்த நாள், அவர் வேலை இழந்த நாளன்று. அதற்கு இரு நாள் முன்பு, ஏப்ரல் 10ஆம் நாள், அந்தப் பத்துப் பெண்களும் தம் பயிற்சியாளர் விவியன் ஸ்ட்ரிங்கருடன் செய்தியாளர் முன் அமர்ந்தனர். கேலிப்பொருளாக்கப்பட்டவர்கள் மாணவியராக, வீராங்கனையராக, நாடே கேட்கும்படி பேசினர். பின்னர் ஐமசை நேரிலே சந்தித்தனர். அவருடைய வருத்தத்தையும் ஏற்றுக்கொண்டனர். வீழ்த்தப்பட்டவர் எழுந்து நின்ற காட்சி அது.

விளம்பர நிறுவனங்களின் விலகலை அறத்தின் வெற்றி என்று நாம் கொண்டாடமாட்டோம். ஆண்டுக்கணக்கில் அந்த ஏளனப் பேச்சிலே காசு பார்த்தவர்களுக்கு, இழப்பு வரும் என்றவுடன் மனச்சான்று விழித்தது! ஒருவரை நீக்கிவிட்டு, இழிவை விற்கும் கடையை அப்படியே திறந்து வைத்திருந்தால் யாருக்கு ஆதாயம்?

தோழர்களே! இழிமொழி கேட்டால் சினம் கொள்ளுங்கள். சினம் கொள்ளாதவனுக்குத் தன்மானம் ஏது? ஆனால் சினத்தோடு மூன்று கேள்விகளைத் துணைக்கு அழையுங்கள். அடி விழுந்தது கருத்தின்மீதா, பிறப்பின்மீதா? அடிபட்டவனுக்குத் திருப்பிப் பேச வழி இருக்கிறதா? நாம் கேட்பது அவனுக்கு ஒலிவாங்கியா, அடித்தவனுக்குச் சிறையா? இந்த மூன்றையும் கேளாத சினம், இன்று இழிமொழியாளன்மீது பாயும். நாளை, "மனம் புண்பட்டது" என்று எவரேனும் சொன்னவுடன் நம்மீதே பாயும். அப்போது பேச்சுரிமை பற்றி முழங்க நமக்கு மேடை இருக்காது.