பதினைந்து மணி நேரம் உன்னுடையது!

லாரி டிரைவர் ஆகப் போகிறாயா, தம்பி?

ஆகு! தலை நிமிர்ந்து ஆகு! ஆனால் முதலில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்.

உனக்கு வேண்டியது லைசென்ஸா? ஓட்டத் தெரிவதா?

இரண்டும் ஒன்றுதான் என்று நினைக்கிறாயா? அந்த நினைப்போடு தொப்பூர் கணவாயில் இறங்கிப் பார்!

தர்மபுரியைத் தாண்டி சேலம் நோக்கி இறங்கும் சாலை. நீண்ட சரிவு. நடுவே வளைவுகள். பத்துச் சக்கர வண்டி என்றால், வண்டியும் லோடுமாகச் சுமார் 28 டன் உன் முதுகுக்குப் பின்னால் வருகிறது.

டீசல் மிச்சமாகும் என்று யாரோ சொல்லிவைத்தார்கள். நியூட்ரலில் தட்டிவிட்டாய். என்ன ஆகும் தெரியுமா?

எஞ்சினின் பிடி விட்டுப்போகும். மொத்த எடையும் பிரேக் மேல் வந்து விழும். மிதிக்க மிதிக்க டிரம் சூடேறும். சூடேறிய டிரம்மில் லைனிங் பிடிக்காது. நீ மிதிப்பாய். வண்டி நிற்காது!

முன்னால் ஒரு கார் போகிறது. அதற்குள் ஒரு குடும்பம் இருக்கிறது.

உன் சட்டைப் பையில் இருக்கும் லைசென்ஸ் அட்டை அப்போது பிரேக் பிடிக்குமா?

எத்தனை லாரிகள் அந்தச் சரிவில் கட்டுப்பாட்டை இழந்திருக்கின்றன! எத்தனை வீடுகளில் விளக்கு அணைந்திருக்கிறது!

ஏறுகிற கியரிலேயே இறங்கு. பழைய டிரைவர்கள் சொல்லும் பாடம் இது. கேட்க ஒரு வரி. ஆனால் காது கேட்டால் போதாது. கால் கேட்க வேண்டும். கை கேட்க வேண்டும்.

அந்த ஒரு வரியைக் காலிலும் கையிலும் ஏற்றிவிடுகிற இடம்தான் பயிற்சிப் பள்ளி. மற்றதெல்லாம் கடை!

நீ பள்ளிக்குப் போகப் போகிறாயா, கடைக்குப் போகப் போகிறாயா?

"எல்லா டிரைவிங் ஸ்கூலும் ஒன்றுதானே அண்ணே" என்கிறாய். யார் சொன்னது? எத்தனை பள்ளிகளின் படியேறிப் பார்த்துவிட்டு இதைச் சொல்கிறாய்?

பைக் வாங்க நான்கு ஷோரூம் ஏறினாய். போன் வாங்க பத்து வீடியோ பார்த்தாய். முப்பது வருடம் சோறு போடப்போகிற தொழிலைக் கற்க, பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் எது இருக்கிறதோ அதில் பணம் கட்டிவிடுவாயா?

கேட்கக் கூச்சம். அதுதானே காரணம்? ஒத்துக்கொள்!

"நம்மை விரட்டிவிடுவார்களோ? ஒன்றும் தெரியாதவன் என்று நினைப்பார்களோ?" தெரியாதவன்தான்! அதனால்தானே கற்கப் போகிறாய்? தெரியாதவன் கேட்பதில் என்ன வெட்கம்? கேட்காமல் போய் மலைச்சரிவில் தெரிந்துகொள்வாயா?

கேள். சட்டம் உன் பக்கம் நிற்கிறது.

1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி எப்படி இருக்க வேண்டும் என்று வரி வரியாகச் சொல்கின்றன. லாரி போன்ற போக்குவரத்து வாகனம் ஓட்டக் கற்கிறவன், வண்டியை உண்மையாக ஓட்டும் நேரம் மட்டும் 15 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது!

எத்தனை? பதினைந்து மணி நேரம்! கேபினில் ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும் நேரம் இதில் சேராது. ஸ்டீயரிங் உன் கையில் இருக்கும் நேரம்!

ஆனால் பல இடங்களில் நடப்பது என்ன? காலையில் ஒரே லாரியில் ஆறு பேரை ஏற்றுகிறார்கள். ரிங் ரோட்டில் ஒரு சுற்று. ஆளுக்குப் பத்து நிமிடம். "போதும் தம்பி, அடுத்தவன் வா!"

கணக்குப் போட்டுப் பார். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம். முப்பது நாளுக்கு? ஐந்து மணி நேரம்! மீதிப் பத்து மணி நேரத்தை யார் விழுங்கினார்கள்?

உன் பணம் கட்டினாய். உன் நேரம் போனது. உன் உயிரைக் காக்கும் பாடம் போனது. வாயைத் திறக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவாயா?

ஆமாம், கையெழுத்து! அதற்கென்றே ஒரு பதிவேடு உண்டு. படிவம் 15 என்று பெயர். இன்ன தேதியில், இன்ன வகை வண்டியை, இவ்வளவு நேரம் ஓட்டினான் என்று எழுத வேண்டும். பயிற்றுநர் கையெழுத்திட வேண்டும். நீயும் கையெழுத்திட வேண்டும்.

ஓட்டாத நேரத்துக்குக் கையெழுத்துப் போடாதே! ஒரு நாளும் போடாதே! அது உன் சாவுக்கு நீயே எழுதிக்கொடுக்கும் ஒப்புதல்.

பணம் கட்டுவதற்கு முன்பே சொல்லிவிடு: "சார், படிவம் 15 பார்க்கணும். தினமும் நான் ஓட்டின நேரத்தை எழுதித்தான் கையெழுத்துப் போடுவேன்." நல்ல பள்ளிக்காரர் சிரித்த முகத்தோடு நோட்டை எடுத்துப் போடுவார். மற்றவர் முகம் சுளிப்பார். அந்த முகத்தைப் பார்த்தாலே உனக்குப் பதில் கிடைத்துவிடும். எழுந்து வா!

உள்ளே போனதும் சுவரைப் பார். பள்ளியின் அசல் உரிமம் மாட்டியிருக்கிறதா? பயிற்றுநர்கள் பெயர் எழுதியிருக்கிறதா? இருக்க வேண்டும் என்பது விதி. அந்த உரிமம் கனரக வாகனத்துக்கும் சேர்த்துத்தானா? படித்துப் பார். கார் கற்றுத்தர உரிமம் வைத்துக்கொண்டு லாரி போர்டு மாட்டியிருந்தால் திரும்பிப் பார்க்காமல் நட!

பிறகு வகுப்பறையைப் பார். கியர் பாக்ஸ், பிரேக் ஷூ, டிரம் இருக்கிறதா? ஜாக்கி, டயர் லீவர், காற்று அளக்கும் கேஜ்? எல்லாம் விதியில் இருப்பவை. அவற்றின் மேல் கிரீஸ் இருக்கிறதா, ஒட்டடை இருக்கிறதா என்று பார். ஒட்டடை பொய் சொல்லாது!

வண்டியில் ஏறு. பயிற்றுநர் பக்கமும் பிரேக் பெடல் இருக்கிறதா? மோட்டார் சைக்கிள் தவிர எல்லாப் பயிற்சி வண்டிக்கும் இரட்டைக் கட்டுப்பாடு கட்டாயம். அது இல்லாத லாரியில் உன்னை உட்கார வைப்பவனுக்கு உன் உயிர் என்ன விலை?

இன்னும் ஒன்று கேள். "லோடு ஏற்றிய வண்டியை ஓட்ட விடுவீர்களா?" காலி லாரி ஒரு வண்டி. லோடு ஏற்றிய லாரி வேறு வண்டி! நிற்கும் தூரம் மாறும். திரும்பும் விதம் மாறும். முதல் லோடை முதலாளியின் வண்டியில்தான் பார்ப்பேன் என்றால், உன் பாடத்துக்கு ஊரே பலியாக வேண்டுமா?

"லைசென்ஸ் கியாரண்டி! டெஸ்ட்டுக்கு நீ சும்மா வந்து நின்றால் போதும்!" இப்படி ஒருவர் இனிக்க இனிக்கப் பேசுவார். மயங்கிவிடாதே! விதிப்படி அல்லாமல் லைசென்ஸ் வாங்கித் தருவதாக ஆசை காட்டுவதை, அதே விதிகள் வெளிப்படையாகத் தடுக்கின்றன. சட்டத்தை உன் கண் முன்னாலேயே மீறுகிறவர் உனக்குச் சாலை விதியைக் கற்றுத்தருவாரா?

சரி. இப்போது உன் சாக்குகளைக் கொண்டு வா. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"எனக்குப் படிப்பு இல்லை."

எட்டாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை ஒரு காலத்தில் இருந்தது. 2019-இல் அதை எடுத்துவிட்டார்கள். கதவு திறந்து கிடக்கிறது. நீ ஏன் வாசலிலேயே நிற்கிறாய்?

"எனக்கு வயது பத்தொன்பதுதான்."

அருமை! இருபது வயதில்தான் போக்குவரத்து வாகனம் ஓட்ட முடியும். அதற்கு முன் கார் லைசென்ஸ் எடுத்து ஓர் ஆண்டு ஆகியிருக்க வேண்டும். அந்த ஓர் ஆண்டை வீணாக்காதே! இன்றே கார் லைசென்ஸ் எடு. பட்டறைக்குப் போ. கிரீஸில் கை வை. டயர் கழற்று. பஞ்சர் ஒட்டு. வண்டியின் வயிற்றைத் தெரிந்துகொள்!

"மாமாகூட கிளீனராகப் போய்க் கற்றுக்கொள்கிறேன்."

தாராளமாகப் போ! நாமக்கல்லும் சங்ககிரியும் லாரிக்குப் பெயர் வாங்கியது அப்படிக் கற்றவர்களால்தான். தார்ப்பாய் கட்டி, கயிறு இழுத்து, தூக்கம் விழித்துக் கற்ற அந்தத் தலைமுறையைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். லோடு கட்டுவதையும் வழி படிப்பதையும் உன் மாமாவைவிட நன்றாக யார் சொல்லித்தர முடியும்?

ஆனால் லைசென்ஸ் இல்லாமல் ராத்திரி ஹைவேயில் ஸ்டீயரிங் வாங்காதே. போக்குவரத்து வாகன லைசென்ஸுக்கு, உரிமம் பெற்ற பள்ளி தரும் படிவம் 5 சான்றிதழைச் சட்டம் கேட்கிறது. மாமாவின் பாடம் பள்ளிக்கு மேல்தான் சேரும். பள்ளிக்குப் பதிலாகச் சேராது.

"பக்கத்தில் நல்ல பள்ளி இல்லை."

எவ்வளவு தூரம் தேடினாய்? கும்மிடிப்பூண்டியில் அரசின் சாலைப் போக்குவரத்து நிறுவனம் கனரக ஓட்டுநர்களை உருவாக்குகிறது. நாமக்கல்லில் அசோக் லேலண்ட் நிறுவனத்தின் பயிற்சி நிலையம் இருக்கிறது. 2021 முதல் அங்கீகரிக்கப்பட்ட ஓட்டுநர் பயிற்சி மையம் என்ற ஏற்பாடும் வந்திருக்கிறது. கனரகப் பயிற்சிக்கு 38 மணி நேரம், ஆறு வாரம், சொந்த ஓட்டுதளம், சிமுலேட்டர். அங்கே தேறினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஓட்டிக் காட்டும் தேர்வு மறுபடி கிடையாது.

லோடு ஏற்றி அஸ்ஸாம் வரை போகத் தயார் என்கிறாய். பாடம் கற்க அடுத்த மாவட்டம் போக மாட்டாயா?

"ஒரு தடவை டெஸ்ட்டில் தோற்றுவிட்டேன்."

தோற்றாய். செத்தாயா? ஏழு நாள் கழித்து மறுபடி போய் நில்! மூன்று முறை தோற்றால் அறுபது நாள் காத்திருக்க வேண்டும். மறுபயிற்சி எடுக்க வேண்டும். எடு! அந்த அறுபது நாளும் உன்னை இன்னும் நல்ல டிரைவராக்கத்தான். டெஸ்ட் மைதானத்தில் கம்பத்தில் இடித்தால் அவமானம் அரை மணி நேரம். சாலையில் மனிதனை இடித்தால்?

"பயமாக இருக்கிறது."

நல்லது! பயப்படு! 28 டன்னைக் கண்டு பயப்படாதவனை நம்பி ஒருவரும் வண்டி கொடுக்கக் கூடாது. பயம் உன்னை வீட்டில் உட்கார வைத்தால்தான் அது எதிரி. டயரைத் தட்டிப் பார்க்க வைத்தால், காற்றழுத்த முள்ளைக் கவனிக்க வைத்தால், தூக்கம் வந்ததும் வண்டியை ஓரங்கட்ட வைத்தால், அது உன் கிளீனர்!

தங்கையே, நீ ஏன் ஒதுங்கி நிற்கிறாய்? உனக்கும்தான் சொல்கிறேன்!

போபாலைச் சேர்ந்த யோகிதா ரகுவன்ஷி சட்டம் படித்தவர். கணவரை இழந்தார். இரண்டு குழந்தைகளை வளர்க்க வேண்டும். லாரியில் ஏறினார். மாநிலம் மாநிலமாக லோடு அடித்தார். நம் கன்னியாகுமரி மாவட்டத்து வசந்தகுமாரி 1993-லேயே அரசுப் பேருந்தின் ஸ்டீயரிங்கைப் பிடித்தார். ஊர் வாயை அவர்கள் மூட முயலவில்லை. கியரைப் போட்டார்கள். போனார்கள்!

"டிரைவருக்கு யார் மரியாதை தருவார்கள்?" என்று கேட்கிறாயா? நீ சாப்பிட்ட அரிசி எப்படி வந்தது? உன் வீட்டுச் சிலிண்டர் எப்படி வந்தது? நாட்டின் அடுப்பு எரிய ராத்திரி முழுக்க விழித்திருப்பவன் அவன். 2025 அக்டோபர் முதல் தயாராகும் லாரிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயம் ஆகிவிட்டது. எத்தனை வருடம் பிந்தி வந்த நியாயம்! இன்னும் வர வேண்டிய நியாயம் நிறைய இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கத் தன் தொழிலை முழுதாகத் தெரிந்தவர்கள் வேண்டும். அந்த வரிசையில் நீ வேண்டும்!

இன்று இரவு மூன்று பள்ளிகளின் பெயரை எழுதி வை. நாளை காலை மூன்றுக்கும் போ. பணம் கொண்டு போகாதே. கண்ணையும் வாயையும் மட்டும் கொண்டு போ.

மேசைக்கு முன்னால் நிமிர்ந்து உட்கார். முதல் கேள்வியைக் கேள்: "சார், படிவம் 15 காட்டுங்க."