தளையும் உடைமையும்



இல்லறத்தார் ஏற்கும் கொல்லாமை அணுவிரதத்திற்கு ஆசாரியர்கள் ஐந்து அதிசாரங்களைக் கூறியுள்ளனர்: கட்டுதல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல். 1861இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டபோது, சுமார் 40 லட்சம் கறுப்பின மக்கள் இவற்றுக்கெல்லாம் ஆளாகி அடிமைகளாய் வாழ்ந்தனர்.

அவர்தம் விடுதலை ஒரே நாளில் வந்ததன்று. 1862 ஏப்ரலில் முதலில் தலைநகர் வாஷிங்டனில் அடிமைமுறை ஒழிந்தது. உடையவனுக்கு ஆள் ஒன்றுக்கு 300 டாலர் வரை ஈடு. தளையில் உழன்றவனுக்கோ, நாட்டை விட்டே வெளியேறச் சம்மதித்தால் 100 டாலர் வரை! மனிதனை உடைமையெனக் கருதிய நெஞ்சம், விடுவிக்கும்போதும் அவ்வாறே கணக்கிட்டது. 1863 சனவரி முதல் நாள் லிங்கன் விடுத்த பிரகடனமும் கிளர்ச்சிப் பகுதிகளுக்கே உரியது. ஒன்றியத்தோடு நின்ற கெண்டக்கி, டெலவேர் மாநிலங்களில் தளை நீடித்தது. 6 லட்சத்திற்கும் மேற்பட்டோர் போரில் மாண்டபின், 1865 டிசம்பரில் 13ஆம் சட்டத் திருத்தமே அதனை அறுத்தது; அதிலும் குற்றத் தண்டனைக்கு ஒரு விலக்கு.

நம் நூல்களையும் நோக்குவோம். பொருள் வரைதல் விரதத்தில் தத்துவார்த்த சூத்திரம் நிலம், பொன், தானியங்களோடு தாசி தாசரையும் எண்ணுகிறது. வரைந்த அளவை மீறலாகாது என்றதேயன்றி, அறவே விடுக என்றதில்லை. இதனை மறைப்பது வாய்மையாகாது. ஆயினும், கௌசாம்பியில் விலங்கிடப்பட்டுக் கிடந்த சந்தனையின் கையினின்றே பகவான் மகாவீரர் ஆகாரம் ஏற்றார். அவளே பின்னர் அவரது சங்கத்தில் ஆர்யாங்கனையரின் தலைவியானாள்.