பங்குகொள்ளும் பார்வையாளன்: ஓர் அறவியல் நோக்கு

1967ஆம் ஆண்டு கனடாவின் மொன்றியல் நகரில் நடைபெற்ற உலகப் பொருட்காட்சியிலே, செக்கோசிலோவாக்கிய நாட்டின் கூடத்தில் ஒரு புதுமையான திரைப்படம் காட்டப்பட்டது. மண்டபத்தின் 127 ஆசனங்களிலும் பச்சை, சிவப்பு என இரு பொத்தான்கள் பொருத்தப்பட்டிருந்தன. படம் ஒன்பது இடங்களில் நிறுத்தப்பட்டது. நின்றதும், அதுவரை திரையிலே நோவாக் என்னும் பாத்திரமாகத் தோன்றிய நடிகர் மிரோசிலாவ் ஹோர்னிசெக் உயிரும் உடலுமாக மேடைக்கு வந்து, அடுத்து யாது நிகழவேண்டும் என அவையோரை வினாவினார். பெரும்பான்மையோர் எப்பொத்தானை அழுத்தினரோ அதற்கேற்பக் கதை நகர்ந்தது. ராடூஸ் சின்செரா என்பாரின் எண்ணத்திற் பிறந்த இவ்வாற்றுகைக்குக் கினோஓட்டோமற் என்பது பெயர். திரைப்படமும் உயிருள்ள அரங்கும் அவையோரின் பங்கேற்பும் ஒன்றாய்க் கலந்த முயற்சிகளுள் இதனை முன்னோடி எனல் தகும்.

முதல் வினாவே சுவையானது. உடலிலே துவாயொன்றை மட்டும் சுற்றிய அயல்வீட்டு இளம் பெண்ணொருத்தி, தன் வீட்டுக் கதவு பூட்டிக்கொண்டமையால் நோவாக்கின் வாயிலில் வந்து நிற்கிறாள். அவனுடைய மனைவியோ வீடு திரும்பும் நேரம். உள்ளே விடுவதா, விடாதிருப்பதா? இடருற்று வந்தவளுக்கு உதவுதல் நன்று. மனைவியின் மனம் நோகாமற் காத்தலும் நன்று. அறவியல் விரிவுரைக்கு ஏற்ற வினாவே. ஆயினும் அம்மண்டபத்தில் நான் இருந்திருப்பேனாயின், இவ்விரண்டையும் நிறுத்துப் பார்த்திருப்பேன் என்று எனக்குத் தோன்றவில்லை. எக்காட்சி வேடிக்கையாக அமையும் என்று மட்டுமே எண்ணிப் பொத்தானை அழுத்தியிருப்பேன். ஆராய்ந்து தெளிந்தவனின் தீர்ப்பையும் வேடிக்கை விரும்பியவனின் ஆவலையும் அப்பொத்தான் வேறுபடுத்தி அறியாது. அது எண்ணிக்கையை மட்டுமே அறியும்.

இனி, இப்படத்தின் சூழ்ச்சிக்கு வருவோம். வீடு தீப்பற்றி எரிவது தொடக்கத்திலேயே காட்டப்பட்டுவிடுகின்றது. அவையோர் எதனைத் தெரிந்தாலும் கதையின் இரு கிளைகளும் அடுத்த வினாவில் வந்து மீண்டும் கூடிவிடும். ஒன்பது முறை தெரிவு செய்த பின்னரும் வீடு எரிந்தே தீரும். இதனை மக்களாட்சி பற்றிய அங்கதம் எனப் பலர் கூறுவர். 1971இல் இப்படம் பிராக் நகரில் காட்டப்பட்டு, அடுத்த ஆண்டே தடைசெய்யப்பட்டமையை நோக்கின், ஆட்சியாளருக்கும் அந்த அங்கதம் விளங்கியிருக்கலாம்.

அவையோர் ஏமாற்றப்பட்டனர் என்பது எளிதில் எழும் குற்றச்சாட்டு. அது அத்துணை வலுவுடையதென நான் கருதவில்லை. ஈடிப்பசு மன்னனுக்கும் முடிவு முன்னரே குறிக்கப்பட்டதுதான். அதனால் அவன் எடுத்த முடிவுகள் அவனுடையவை அல்லாமற் போகவில்லை. தன் கையாற் செய்ததைத் தனதென ஏற்றுத் தன் கண்களையே அவன் போக்கிக்கொண்டான். இங்கோ 127 பேர் சேர்ந்து ஒரு வீட்டை ஒன்பது முறை தீக்கு அணித்தாக்கினர். எவரும் அதனைத் தமதென எண்ணி வீடு சென்றிருப்பர் என்று நம்புவதற்கில்லை. பலர் தோள்கொடுத்தாற் சுமை குறையும் என்பது விறகுக்கும் நெல்மூடைக்கும் பொருந்தும். பழிக்கும் பொருந்துமா? பத்துப் பேர் கூடி ஒருவனை அடித்தால், ஒவ்வொருவனும் பத்திலொரு பங்கு குற்றவாளி என நாம் தீர்ப்பளிப்பதில்லை. அவ்வாறாயின், சிவப்பை அழுத்தித் தோற்ற சிறுபான்மையோரின் நிலை யாது? அவர்களும் எழுந்து போகவில்லை. பச்சையின் காட்சியை அவர்களும் இருந்து சுவைத்தனர்.

பங்கேற்பு என்பது விடைகளுள் ஒன்றைத் தெரிவதா, வினாவையே மாற்றுவதா என்பதே இதன் அடியிலுள்ள பிரச்சினை எனத் தோன்றுகின்றது. 1930இல் ஜேர்மன் நாடகாசிரியர் பேர்டோல்ட் பிறெக்ட், 'ஆம் என்பவன்' என்ற பொருளிற் பெயரிட்டுப் பள்ளி மாணவர்க்கான இசைநாடகமொன்றை எழுதினார். இசையமைத்தவர் குர்ட் வைல். மலைப்பயணத்தின் நடுவே நோயுற்ற சிறுவன், பண்டை வழக்கத்துக்கு இணங்கித் தன் சாவுக்குத் தானே உடன்படுவதாக அது அமைந்தது. பேர்லின் நகரப் பள்ளியொன்றின் மாணவர் இதனைப் பற்றி விவாதித்து, ஐயங்களை எழுப்பினர். அவற்றைச் செவிமடுத்த பிறெக்ட் நாடகத்தைத் திருத்தியதோடு, 'இல்லை என்பவன்' என மற்றொன்றையும் எழுதினார். அதிலே சிறுவன் வழக்கத்தை மறுக்கின்றான். அம்மாணவரின் கையிற் பொத்தான் எதுவும் இருக்கவில்லை. ஆயினும் நாடகமே மாறியது.

பிரேசில் நாட்டு நெறியாளர் ஒகஸ்தோ போல் 1970களில் வளர்த்தெடுத்த மன்ற அரங்கோ இன்னும் ஒரு படி மேற்சென்றது. அதிலே பார்வையாளன் ஆட்டத்தை நிறுத்தி, நடிகனை விலக்கி, அவனிடத்தில் தானே நின்று வேறு வழி காட்டலாம். விடிய விடியக் கூத்துப் பார்த்த எம் முன்னோர் வட்டக்களரியைச் சூழத்தான் அமர்ந்தனர்; எனினும் அருச்சுனன் தபசுக்குப் போகவேண்டுமா என அவர்களை எவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அண்ணாவியாரின் பாடு திண்டாட்டமாயிருக்கும்!

திரைப்படக் கருவி இவ்வரங்கினுட் புகும்போது நிலைமை மேலும் சிக்கலாகின்றது. பேர்லினைத் தளமாகக் கொண்ட கொப் ஸ்குவாட் என்னும் குழுவினர் 2007ஆம் ஆண்டு முதல் நிகழ்த்திய ஓர் ஆற்றுகையில், அன்டி வோர்ஹோல் 1960களில் எடுத்த படங்களைத் திரைக்குப் பின்னால் நேரடியாக மீள நடித்து, அதனை அக்கணமே திரையிற் காட்டினர். நேரம் செல்லச் செல்ல நடிகர் ஒவ்வொருவராக வெளியேற, அவையிலிருந்து அழைக்கப்பட்டோர் அவர்தம் இடத்தை நிரப்பினர். காதிற் பொருத்திய கருவியின் வழியே நடிகர் கூறும் சொற்களை அவர்கள் திருப்பிச் சொன்னார்கள். இரவற் சொற்களைப் பேசுபவன் பங்காளியா, பாவையா என்று கேட்கலாம். ஆனால் சொல்தான் இரவல். திரையளவு பெருத்துத் தோன்றும் முகம் அவனுடையது. கூச்சமும் தடுமாற்றமும் சிரிப்பும் அவனுடையவை. எந்த மனிதனையும் வெறுங் கருவியாகப் பயன்படுத்தலாகாது என்றார் கான்ற். அழைப்பை ஏற்று எழுந்து வந்தவன், தன் முகத்தில் எவ்வளவைத் தருவதற்கு இசைந்தான் என்பதை யார் அளந்து சொல்வது?

இவ்வினா எனக்கு நூலிலிருந்து எழுந்ததன்று. சென்ற ஆண்டு எம் மாணவர் சிலர் கூடிச் சீதனம் பற்றிய மன்ற நாடகமொன்றைக் கிராமமொன்றில் ஆடினோம். பின்னால் வெள்ளை வேட்டியொன்றைக் கட்டி, ஆடுவோரின் முகங்களை அதிற் பெரிதாக விழுத்தினோம். கமெரா என் கையில் இருந்தது. மணமகளின் தாய் வாய்மூடி நிற்கும் கட்டத்தில், அவையிலிருந்த ஓர் அம்மா எழுந்து வந்து அவ்விடத்தில் நின்றார். முதலிற் பாத்திரமாகவே பேசினார். பின்னர் தம் மூத்த மகளைப் பற்றிப் பேசத் தொடங்கினார். அது நடிப்பன்று என்பதை எல்லோருக்கும் முன்னர் அறிந்தவன் நானே; வில்லையினூடாகப் பார்ப்பவனுக்கு அது தெரியாமற் போகாது. கமெராவைத் தாழ்த்தியிருக்கலாம். நானோ முகத்தை மேலும் நெருங்கினேன். காட்சி அத்துணை நன்றாக இருந்தது. அயலவர் அனைவரும் வேட்டியிலே அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தனர்.

முடிந்ததும் அவர் என்னிடம் வந்து, "தம்பி, இதை ஆருக்குக் காட்டப் போறியள்?" என்று கேட்டார். "ஒருத்தருக்கும் இல்லை அம்மா" என்றேன். ஊர் முழுவதும் பார்த்து முடிந்த பின்னர் சொன்ன சொல் அது.

அவர் தாமாகவே எழுந்து வந்தார் என்பது நண்பர்களின் வாதம். அதனை மறுப்பதற்கில்லை. நாடகத்துக்கு வந்தார், மகளைப் பற்றிப் பேசுவதற்கும் அவர் வந்தாரா என்பது அவருக்கே அப்பொழுது தெரிந்திருக்குமோ என்னவோ. அப்பதிவு இன்னும் என்னிடமே உள்ளது. காட்டவுமில்லை, அழிக்கவுமில்லை. அழிப்பதாயினும் அவரையன்றோ கேட்கவேண்டும் என்று எண்ணி, அவ்வூருக்குப் போகும் பேருந்துக்காக இருமுறை நிலையத்தில் நின்று, ஏறாமலே திரும்பியிருக்கின்றேன்.