நீர் வடிக்கும் அறம்



அட்சய திருதியை நம்மவர்க்குக் கொடையின் திருநாள். நெடுங்காலம் உணவு ஏற்கும் வாய்ப்பின்றி நடந்த ஆதிநாதருக்கு அஸ்தினாபுரத்துச் சிரேயாம்ச மன்னன் கரும்புச் சாறு அளித்த நாள் அது. அந்நினைவாக நாமும் ஆண்டுதோறும் கரும்புச் சாறு வழங்கி வருகின்றோம். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊரில் அவ்வாறு நடைபெற்ற விழாவொன்றிலிருந்து இன்றைய சிந்தனையைத் தொடங்க விழைகின்றோம். அவ்விழாவின் பொறுப்பாளருள் நாமும் இருந்தோம் என்பதை முதற்கண் ஒப்புக்கொள்கின்றோம்.

அன்று கரும்பைக் கழுவிப் பிழிந்தோம். வெள்ளைத் துணியை இரண்டாக மடித்துச் சாற்றை வடிகட்டினோம். முறை வழுவவில்லை என்னும் மனநிறைவு நமக்கு இருந்தது. வெயில் ஏறிற்று, கூட்டமும் பெருகிற்று. அன்பர் ஒருவர் கடைத்தெருவிலிருந்து ஐஸ் கட்டிகளைக் கோணிச்சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார். அவற்றை உடைத்து, வடித்து வைத்த சாற்றிலேயே இட்டோம். அது எந்த நீரில் உறைந்த கட்டி, யார் கை பட்ட கட்டி என்று எவரும் கேட்கவில்லை, நாமும் கேட்கவில்லை.

மறுநாள் முதல் இருபது பேருக்கு மேல் வாந்தியும் பேதியும் கண்டன. மூதாட்டி ஒருவர் மருத்துவமனையில் மூன்று நாள் கிடந்து, நரம்பு வழியே உப்புநீர் ஏற்றப்பட்டு உயிர் பிழைத்தார். மருத்துவர் நம்மிடம் கேட்ட முதற்கேள்வி, "ஐஸ் எங்கே வாங்கினீர்கள்?" என்பதே. அன்று மாலை ஆலய மண்டபத்தில் கூடியிருந்தபோது ஒருவர், "அவரவர் வினை, நாம் என்ன செய்ய முடியும்?" என்றார். அனைவரும் தலையசைத்தோம். அந்தத் தலையசைப்பு இன்றளவும் நம் நெஞ்சை உறுத்துகின்றது.

வினைக் கொள்கை பொய்யன்று. நோயுற்றவர்க்கு அசாதா வேதனீயம் உதயமாயிற்று என்பது நம் ஆகமக் கருத்தே. ஆயினும் வினை உதயமாவதற்குப் புறத்தே நிமித்தம் ஒன்று வேண்டுமன்றோ? அந்த நிமித்தமாக நின்றவர் யார்? மூதாட்டியின் வினையை அளந்து பார்க்கும் உரிமை நமக்கில்லை. நம் கை செய்ததை எண்ணிப் பார்க்கும் கடமையோ நமக்கு உண்டு. பிறர் துன்பத்திற்கு அவர் வினையைக் காரணம் காட்டுபவன், தன் செயலுக்கு மட்டும் கணக்கெழுத மறந்தவன் ஆவான்.

இம்சை என்பது யாது? கத்தி எடுத்துக் கொல்வது மட்டுமே இம்சை என்று உமாஸ்வாமி ஆசிரியர் கூறவில்லை. பிரமாதத்தோடு கூடிய மனம், மொழி, மெய்களின் இயக்கத்தால் உயிர்ப்பிற்கு ஊறு விளைவிப்பதே இம்சை என்பது தத்துவார்த்த சூத்திரத்தின் கருத்து. பிரமாதம் என்பதற்குச் சோர்வு, கவனமின்மை, பொறுப்பின்மை எனப் பொருள் கொள்ளலாம். அன்று நம் உள்ளத்தில் பகை இல்லை. கொல்லும் எண்ணம் இல்லை. ஆனால் பிரமாதம் இருந்தது. ஆதலின் இம்சையும் இருந்தது. தொற்றுநோயைப் பற்றி நாம் இப்பக்கங்களில் பேசுவதற்குக் காரணம் இதுவே. தொற்றுநோய் பெரும்பாலும் பகைவரால் பரவுவதில்லை. கவனமற்ற நல்லவர்களால் பரவுகின்றது.

நீரை வடிகட்டி அருந்துதல் சாவகரின் அடிப்படை ஒழுக்கங்களுள் ஒன்று. கெட்டித் துணியை இரண்டாக மடித்து வடிக்க வேண்டும். துணியில் தங்கிய சிற்றுயிர்களை அவை வாழ்ந்த நீர்நிலைக்கே மெல்லத் திருப்பிவிட வேண்டும். வடித்த நீரும் ஒரு முகூர்த்தம், அதாவது 2 நாழிகை, 48 நிமிடம் வரையே தகுதியுடையது. நன்கு காய்ச்சிய நீர் 24 மணி நேரம் தகுதியுடையது என்றெல்லாம் முன்னோர் வகுத்தனர். நீரில் வாழும் உயிரைக் காப்பதே அவர்தம் நோக்கம். எனினும் அவ்வுயிரைக் காத்த துணி, அருந்தியவனையும் காத்தது.

இதற்கு நம் நாட்டு வரலாற்றிலேயே சான்று உண்டு. நரம்புச் சிலந்தி என்னும் கொடிய நோயைப் பெரியோர் பலர் கேள்விப்பட்டிருப்பர். குளத்திலும் படிக்கிணற்றிலும் வாழும் நுண்ணிய நீர்ப்பூச்சி ஒன்றின் உடலில் அதன் இளம்புழு இருக்கும். வடிகட்டாத நீரோடு அப்பூச்சியை விழுங்கியவன் உடலுள் புழு வளரும். ஏறத்தாழ ஓராண்டு கழித்து, இரண்டு மூன்று அடி நீளமுள்ள புழுவாகப் பெரும்பாலும் காலில் கொப்புளம் கண்டு வெளிப்படும். எரிச்சல் தாங்காது அவன் காலை நீரில் நனைக்கும்போது, புழு ஆயிரக்கணக்கான இளம்புழுக்களை நீரில் உமிழும். மீண்டும் பூச்சி, மீண்டும் மனிதன் என்று வட்டம் சுழலும். இந்நோயைத் தீர்க்க மருந்தும் இல்லை. தடுக்க ஊசியும் இல்லை. சிறு குச்சியில் நாளுக்குச் சிறிதாகப் புழுவைச் சுற்றி இழுப்பதே பண்டுதொட்டு வந்த வழி.

தமிழகம் உட்பட 7 மாநிலங்களில் இந்நோய் இருந்தது. 1984ஆம் ஆண்டில் நாடெங்கும் ஏறத்தாழ 40,000 பேர் இதனால் வருந்தினர். அரசின் ஒழிப்புத் திட்டம் அக்காலத்தில்தான் தொடங்கப்பெற்றது. ஊர்தோறும் நோயாளிகளைத் தேடிக் கண்டனர். படிக்கிணறுகளை இறங்கி மொள்ள இயலாத கிணறுகளாக மாற்றினர், கைப்பம்புகள் அமைத்தனர், நீரில் மருந்தும் இட்டனர். இவற்றோடு, வீடுதோறும் நீரைத் துணியால் வடித்துக் குடிக்கக் கற்பித்தனர். இராசத்தானின் ஜோத்பூர் மாவட்டத்தில் 1996 ஜூலையில் கண்ட நோயாளியே நாட்டின் கடைசி நோயாளி. 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் இந்தியா இந்நோயினின்று விடுபட்டதென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. உலகளவில் 1986இல் ஏறத்தாழ 35 லட்சம் பேரை வாட்டிய நோய், 2023இல் 20க்கும் குறைவான மனிதரிடமே காணப்பட்டது.

இன்னொரு சான்று வங்கதேசத்திலிருந்து வருகின்றது. காலராக் கிருமி நீரில் வாழும் நுண்பூச்சிகளின் உடலில் ஒட்டிக்கொண்டு பெருமளவில் இருக்கும். மத்லப் என்னும் பகுதியின் 65 சிற்றூர்களில் ஆய்வு நடத்திய அறிஞர் ரீட்டா கோல்வெல் குழுவினர், பழைய சேலைத் துணியை நான்கு மடிப்புக்குக் குறையாமல் மடித்துக் குடத்தின் வாயில் கட்டி நீர் மொள்ளுமாறு பெண்களுக்குக் கற்பித்தனர். அவ்வாறு செய்த இல்லங்களில் காலரா ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது என்று 2003ஆம் ஆண்டில் வெளியிட்டனர். விலையுயர்ந்த கருவி ஏதுமில்லை. துவைத்து நைந்த பழஞ்சேலை!

இவற்றைக் கேட்டவுடன், "பார்த்தீர்களா, நம் முன்னோர் அன்றே அறிந்திருந்தனர்!" என்று பெருமிதம் கொள்ளத் தோன்றும். அப்பெருமிதத்தில் சற்றே நிதானம் வேண்டும். துணி, பூச்சியைத் தடுக்கும். அதனினும் நுண்ணிய கிருமி துணியின் இழைகளுக்கிடையே எளிதில் புகுந்துவிடும். டைபாய்டும் மஞ்சட்காமாலையும் துணிக்கு அஞ்சுவன அல்ல. மத்லபிலும் நோய் பாதியாகக் குறைந்ததேயன்றி அற்றுப்போகவில்லை. ஆதலின் வடித்த நீரைக் கொதி வந்த பின்னும் ஒரு நிமிடமாவது நன்கு கொதிக்க வைத்து ஆற்றி அருந்துதல் வேண்டும். வடிக்கும் துணியும் நாள்தோறும் துவைத்து வெயிலில் உலர்த்தப்பட வேண்டும். பல இல்லங்களில் குழாயின் வாயில் மாதக்கணக்கில் கட்டிக் கிடக்கும் அழுக்குத் துணி, வடிகட்டி அன்று, கிருமிகளின் குடியிருப்பு. துணியைக் கட்டினோம் என்பதோடு கருத்தையும் அவிழ்த்துவிட்டால் பயன் என்ன? அட்சய திருதியையில் நாம் இழைத்த பிழையும் இதுதான். சாற்றை வடித்தோம், ஐஸை வடிக்கவில்லை. சடங்கு நின்றது, அதன் உயிர் போயிற்று.

இங்கே அன்பர் சிலர் ஓர் ஐயம் எழுப்புவர்: "நீரைக் காய்ச்சினால் நீருடல் உயிர்கள் மடியுமே! கிருமியைக் கொல்வதும் கொலையன்றோ? கொல்லாமை நோன்பினர் நோய்த்தடுப்பில் ஈடுபடலாமா?" நேர்மையான ஐயம் இது, எள்ளி நகையாடத் தக்கதன்று. இல்லறத்தார் முற்றும் விலக்க வேண்டியது சங்கற்ப இம்சை, அதாவது கொல்ல வேண்டும் என்று எண்ணியே கொல்லுதல். சமைத்தல், துலக்குதல், நீர் காய்ச்சுதல் ஆகியவற்றில் நேரும் ஆரம்ப இம்சையை அவர் முற்றும் விலக்க இயலாது. இயன்றவரை குறைக்கவே கடமைப்பட்டவர். நம் துறவியர்க்கும் காய்ச்சிய நீரையே அளித்து வருகின்றோம். அதில் ஊறே இல்லை என்பதற்காக அன்று. காய்ச்சாத நீரில் மேன்மேலும் உயிர்கள் தோன்றி மடியும் என்பதற்காக. எனவே தேவையான அளவே காய்ச்சுக, வீணே கொட்டாதிருக்க. நீரைத் தேங்கவிட்டுக் கொசுவைப் பெருக்கிப் பின் மருந்தடித்துக் கொல்வதைவிட, தேங்காமல் காப்பது குறைந்த இம்சை. நோயை வரவிட்டுப் பின் போராடுவதைவிட, வராமல் தடுப்பது எல்லா உயிர்க்கும் குறைந்த இம்சை. கொல்லாமை நோய்த்தடுப்பிற்குத் தடையன்று. அதுவே நோய்த்தடுப்பின் தாய்.

நரம்புச் சிலந்தி மற்றொரு பாடமும் புகட்டுகின்றது. நலமுள்ளவன் நீரை வடித்தால் மட்டும் போதாது. நோயுற்றவன் காலை நீரில் வைக்காதிருத்தலும் வேண்டும். துறவியர்க்குரிய ஐந்து சமிதிகளுள் இறுதியானது, மலம், சிறுநீர், சளி ஆகியவற்றைப் பிறவுயிர்க்கு ஊறு நேராத இடம் பார்த்துக் கழித்தல். இல்லறத்தாரும் இதனை இயன்ற அளவு மேற்கொள்ளலாம். கண்ட இடத்தில் உமிழாமை, இருமும்போது வாயை மூடுதல், கழிப்பறை சென்றபின் சோப்பிட்டுக் கை கழுவுதல், வயிற்றுப்போக்கு நின்று இரண்டு நாள் ஆகும்வரை பிறர்க்கு உணவு சமைக்காமலும் பரிமாறாமலும் இருத்தல் ஆகிய யாவும் இச்சமிதியின் சாயலே. "எனக்கு ஒன்றுமில்லை" என்று பந்தியில் இறங்கிப் பரிமாறும் ஆர்வம் தொண்டாகாது.

ஒன்பது பொருள்களுள் செறிப்பும் உதிர்ப்பும் அடுத்தடுத்து வைக்கப்பட்டுள்ளன. ஓட்டையுள்ள தோணியில் முதலில் ஓட்டையை அடைத்தல் செறிப்பு. பின் உட்புகுந்த நீரை இறைத்தல் உதிர்ப்பு. நோய்த்தடுப்பு செறிப்பைப் போன்றது. மருத்துவம் உதிர்ப்பைப் போன்றது. ஓட்டையை அடைக்காமல் இறைத்துக்கொண்டே இருப்பவன் கரை சேரான். ஆயினும் புகுந்த நீரை இறைக்காதிருத்தலும் கூடாது. பேதி கண்டவர்க்கு 1 லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டிச் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து சிறுகச் சிறுகக் கொடுத்தவாறே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுதல் பல உயிர்களைக் காக்கும்.

தொற்றுக்கு அஞ்சலாம், தொற்றுற்றவரை வெறுத்தல் ஆகாது. நற்காட்சியின் எட்டு உறுப்புகளுள் அருவருப்பின்மையும் ஒன்று. நோயுற்ற முனிவர் தம்மேல் வாந்தியெடுத்தபோதும் முகம் சுளிக்காது தூய்மை செய்து பணிசெய்த உத்தாயன மன்னனை அதற்கு எடுத்துக்காட்டாகப் போற்றுகின்றோம். நோயாளிக்குத் தனித் தம்ளர் வைப்பது அறிவு. தனிமையில் தள்ளுவது அறமன்று. பணிசெய்தபின் கையைக் கழுவுங்கள். பணிசெய்யும் கடமையையே கை கழுவிவிடாதீர்கள்.

அந்த ஊரில் அடுத்த ஆண்டும் அட்சய திருதியை வந்தது. ஐஸ் வாங்கவில்லை. காய்ச்சிய நீரை முன்னிரவே புது மண்பானைகளில் ஊற்றி மூடி வைத்தோம். கரும்பின் தோலைச் சீவி, அந்நீராலேயே ஆலையின் உருளைகளைக் கழுவினோம்; சிறிது சிறிதாகப் பிழிந்து உடனுக்குடன் வழங்கினோம். பரிமாறுவோர் கை கழுவ வாயிலிலேயே சோப்பும் நீரும் இருந்தன. அம்மூதாட்டி பேரனின் கையைப் பிடித்து வந்து நின்றார். தம்ளரை நீட்டிய நம் கை சற்று நடுங்கியது. அவர் நம்மை நோக்கி, "நல்லா வடிச்சீங்களாப்பா?" என்று கேட்டார். "வடித்தோம் அம்மா" என்றோம். வாங்கி அருந்தினார்.

அன்பர்களே! அக்கேள்வியை ஒவ்வொரு விழாவிலும், ஒவ்வொரு பந்தியிலும், ஒவ்வொரு இல்லத்து அடுப்படியிலும் நம்மை நாமே கேட்டுக்கொள்வோமாக. வரும் திருநாளுக்குள் நம் ஆலயத்து நீர்த்தொட்டியைத் திறந்து பார்த்து, கழுவி, மூடி போடுவோமாக.

வாழ்க கொல்லாமை! வளர்க அருகன் அறம்!