விருந்தும் விற்பனையும்

தாகம் இயற்கை, சுவை பழக்கம். தாகம் தணித்தல் அறம் என்பதனாலேயே தமிழர் கோடையில் தண்ணீர்ப் பந்தல் அமைத்தனர். ஆயின், பழக்கத்தை வளர்த்து, அதற்குத் தாகம் எனப் பெயர் சூட்டி விற்பதை என்னென்பது? வாங்குவோன் விரும்பியே வாங்குகிறான், ஆதலின் விற்போன்மேல் பழியில்லை என்னும் வாதம் அறத்தின்முன் நிற்குமா? பினாங்கு, ஜெலுத்தோங்கில் தீபாவளியன்று ஏதேனும் ஓர் அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில் அமர்ந்தே இவ்வினாவை ஆராயலாம்.

முறுக்கும் அதிரசமும் வருகின்றன. உடன் ஆரஞ்சு நிறக் குளிர்பானமும் வருகிறது. தேநீரும் மோரும் தந்த கைகள் இன்று புட்டியைத் திறக்கின்றன. இப்பழக்கம் தானே முளைத்ததன்று. 1883இல் சிங்கப்பூரில் தோன்றிய பிரேசர் அண்டு நீவ் நிறுவனம் மலாயா மக்களின் நாவில் காற்றேற்றிய பானத்தைப் பழக்கியது. 1936 முதல் 2011 வரை கொக்கோ கோலாவையும் அதுவே இங்குப் புட்டிகளில் அடைத்து விற்றது. சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள், தீபாவளி என எப்பெருநாள் வரினும் குளிர்பானப் பெட்டிகள் கடைகளில் குவிகின்றன. விளம்பரங்களோ பானத்தைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. ஊர் திரும்பும் மகனையும் அவனுக்காகக் காத்திருக்கும் தாயையும் காட்டுகின்றன. அன்பு முன்னே காட்டப்படுகிறது. பானம் பின்னே விற்கப்படுகிறது.

விலை பணத்தோடு முடிவதில்லை. 100 மில்லிலிட்டருக்குப் பத்துக் கிராமுக்குமேல் சர்க்கரை கொண்ட கோலா பானம் ஒரு தகரக் குவளையளவு அருந்தினால், முப்பது கிராமுக்குமேல் சர்க்கரை உடலிற் சேர்கிறது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 25 கிராமுக்குள் நிறுத்துவது மேலும் நன்று என்பது 2015இல் உலகச் சுகாதார நிறுவனம் கூறிய அறிவுரை. 2019ஆம் ஆண்டுத் தேசிய ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களுள் 18.3 விழுக்காட்டினர் நீரிழிவுடையவர். அவ்வாய்வில் இந்தியரிடையே அந்நோய் மிகுந்திருந்தது.

2019 ஜூலை முதல் நாள், 100 மில்லிலிட்டருக்கு 5 கிராமுக்குமேல் சர்க்கரை கொண்ட பானங்களுக்கு லிட்டருக்கு 40 சென் வரி நடைமுறைக்கு வந்தது. வரி வருமுன்னரே பல நிறுவனங்கள் சர்க்கரையை அவ்வெல்லைக்குள் குறைத்துக்கொண்டன. பிரேசர் அண்டு நீவும் அவற்றுள் ஒன்று. இவ்வொரு செய்தியே வழக்கைத் தீர்த்துவிடுகிறது. குறைக்க இயலாது என்பதன்று. குறைக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்பதே அதுவரை இருந்த நிலை. பிறர் நலன் கருதிச் செய்திருக்க வேண்டியதை வரிக்கு அஞ்சிச் செய்வது நன்மையே. ஆயினும் அதனை அறமெனல் ஆகாது. திருவள்ளுவர் வணிகரின் கடமையைப் பொருள் செயல்வகை அதிகாரத்தில் கூறாது, அறத்துப்பாலின் நடுவு நிலைமை அதிகாரத்தில் வைத்தது சிந்திக்கத்தக்கது. விற்போன் நலனும் வாங்குவோன் நலனும் ஒரே தட்டில் நிறுக்கப்பட வேண்டும் என்பதே அவ்வைப்பு முறை உணர்த்தும் உண்மை.

தமிழகத்தில் பிறந்து பினாங்கில் வாழ்ந்த எஸ்.எம். முகமது இத்ரிஸ், பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்தின் தலைவராக நின்று, சர்க்கரையின் தீமையைப் பல்லாண்டு எடுத்துரைத்தார். 2019 மே மாதம் அவர் மறைந்தார்; அடுத்த சில வாரங்களில் அவ்வரி நடைமுறைக்கு வந்தது. 2025இல் அது லிட்டருக்கு 90 சென்னாக உயர்ந்தது.

எனினும், வாங்குவோன் பழியற்றவன் ஆகான். எச்சட்டமும் வீட்டுக் கூடத்துள் நுழைவதில்லை. நீரிழிவுடைய விருந்தினர் 'வேண்டா' எனச் சொல்ல நாணுகிறார்; வற்புறுத்தாவிடில் உபசாரத்தில் குறை வருமோ என வீட்டார் அஞ்சுகின்றனர். ஒருவரது நாணமும் மற்றவரது அச்சமுமே வணிகனுக்கு முதலாகின்றன. விருந்தினர் உடல்நலம் எண்ணாத உபசரிப்பு விருந்தோம்பலாகாது. அது விளம்பரம் கற்பித்த சடங்கேயாகும்.

ஆதலின் பொறுப்பு இருபாலது. விருப்பத்தை விளைத்தவன் அதன் விளைவுக்கும் கடன்பட்டவன். அவ்விருப்பத்தைத் தன் வீட்டில் வளர்ப்பவனும் அங்ஙனமே. கூடத்தில் அமர்ந்த விருந்தினரிடம், 'தங்களுக்கு எது உகந்தது?' என முதலிற் கேட்டு, அவர் வேண்டியது வெந்நீரே ஆயினும் முகமலர்ந்து அளிக்கும் இல்லத்தில் விருந்து வாழும்.